யார்க் நகரக் கட்டடங்களின் அடியில் அகழாய்வு

இங்கிலாந்தின் வடபகுதியில், ஊஸ், ஃபாஸ் என்னும் இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் அமைந்தது யார்க் நகரம். இடைக்கால மதில் இன்றும் ஏறத்தாழ 3.4 கிலோமீட்டர் நீளத்துக்கு அங்கே நிற்கிறது. மதிலுக்குள் மக்கள் குடியிருக்கிறார்கள், கடைகள் நடக்கின்றன, பேராலயத்தில் நாள்தோறும் வழிபாடு நடைபெறுகிறது. புழக்கத்தில் உள்ள இந்த நகரத்தின் தரைக்குக் கீழே ரோமானியப் படைக்கோட்டை, ஆங்கிலியர் குடியிருப்பு, வைக்கிங்குகளின் வணிக நகர், நார்மன் கால நகர் ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன.

வெட்டவெளியில் ஒரு மேட்டைத் தேர்ந்தெடுத்து, குழிகளை அளந்து போட்டு, பருவம் பருவமாகத் தோண்டும் அகழாய்வு இங்கே இயலாது. ஒரு கட்டடம் இடிக்கப்பட வேண்டும். அல்லது விழும் நிலைக்கு வர வேண்டும். அல்லது அதன் இடத்தில் வேறொன்று எழ வேண்டும். அப்போதுதான் மண்ணைத் தொட வாய்ப்புக் கிடைக்கும். எங்கே தோண்டுவது, எவ்வளவு ஆழம் போவது, எத்தனை நாள் வேலை செய்வது என்பவற்றை ஆய்வாளரின் கேள்விகள் முடிவு செய்வதில்லை. மேலே நிற்கும் கட்டடமும் அதன் உரிமையாளரின் கணக்கும்தான் முடிவு செய்கின்றன. யார்க்கின் மண்ணுக்கடியிலிருந்து நாம் அறிந்துள்ளவற்றில் பெரும்பகுதி இப்படித் தற்செயலாக அமைந்த திறப்புகளின் வழியே வந்தது.

தரை உயர்ந்த விதம்

கி.பி. 71 அளவில் ரோமானியப் படை இங்கே ஒரு கோட்டையை அமைத்தது. அதற்கு எபோராகம் என்று பெயர். பேரரசர் செப்டிமியஸ் செவரஸ் 211இல் இங்கேதான் இறந்தார். 306இல் கான்ஸ்டன்டைன் பேரரசராக அறிவிக்கப்பட்டதும் இங்கேதான். ரோமானியர் ஆட்சி போன பிறகு ஆங்கிலிய அரசர்கள் வந்தனர். 866இல் வைக்கிங் படை நகரைப் பிடித்தது. நகரின் பெயர் யோர்விக் ஆயிற்று. இன்றைய பெயர் அதிலிருந்து தேய்ந்து வந்ததே. அடுத்த நூற்றாண்டில் வைக்கிங் அரசர்களில் கடைசியானவரும் துரத்தப்பட்டார். பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நார்மன்கள் வந்து கோட்டையும் பேராலயமும் கட்டினார்கள்.

இவர்களில் யாரும் முந்தியவர் விட்டுச் சென்றதை முழுவதுமாக அள்ளி வெளியே கொட்டவில்லை. இடிந்த சுவரைச் சமப்படுத்தி, அதன்மேல் கட்டினார்கள். குப்பையையும் சாம்பலையும் கொல்லையிலேயே போட்டார்கள். மலக்குழி நிறைந்தால் மூடிவிட்டுப் பக்கத்தில் இன்னொன்று வெட்டினார்கள். நம் ஊர்களில் தார் போடப் போடச் சாலை உயர்ந்து, பழைய வீட்டின் வாசற்படி தெருவுக்குக் கீழே போய்விடுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். யார்க்கில் இது ஏறத்தாழ 1,900 ஆண்டுகளாக நடந்தது. ஆற்றங்கரையை ஒட்டிய சில இடங்களில் இன்றைய தெருமட்டத்துக்குக் கீழே 9 மீட்டர் வரை மனிதர் விட்ட மண் இருக்கிறது.

இந்த மண்ணில் அடுக்குகள் ஒழுங்காகப் படுத்திருப்பதில்லை. பதினான்காம் நூற்றாண்டுக் கிணறு ஒன்று பத்தாம் நூற்றாண்டு வீட்டுத் தரையைத் துளைத்து ரோமானியச் சுவர் வரை இறங்கியிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு நிலவறை எல்லாவற்றையும் வெட்டி எறிந்திருக்கும். ஆகவே ஆழத்தை மட்டும் வைத்து வயது சொல்ல முடியாது. எது எதை வெட்டியது, எது எதன்மேல் படிந்தது என்ற உறவைத்தான் ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டும். இந்த உறவுகளை ஒரே வரைபடத்தில் காட்டும் முறையை எட்வர்டு ஹாரிஸ் 1973இல் உருவாக்கினார். அவர் அப்போது ஆராய்ந்துகொண்டிருந்தது வின்செஸ்டர் என்னும் இன்னொரு பழைய மதில் நகரத்தின் அகழாய்வுப் பதிவுகளை. நகர மண்ணின் சிக்கலே அந்த முறையைப் பிறப்பித்தது என்று சொல்வது மிகையாகாது.

யார்க்கின் தெருப்பெயர்களைப் பற்றி ஒரு சொல். காப்பர்கேட், மிக்கிள்கேட் என்று பல தெருக்கள் ‘கேட்’ என்று முடிகின்றன. இதை வாயில் என்று பொருள்கொள்ளக் கூடாது. வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழியில் ‘காட்டா’ என்றால் தெரு. மதிலின் வாயில்களை யார்க்கில் ‘பார்’ என்கிறார்கள். அங்கே மதுக்கடையைக் குறிக்கும் சொல் ‘பப்’. அப்படியொரு பப்பின் நிலவறையில்தான், 1930களின் தொடக்கத்தில் நடந்த வேலையின்போது, ரோமானியப் படையினரின் குளியல் மண்டபம் வெளிப்பட்டது. இன்றும் அந்தக் கடைக்குள் சென்று, படியிறங்கி அதைப் பார்க்கலாம்.

பேராலயத்தின் அடியில்

மின்ஸ்டர் எனப்படும் யார்க் பேராலயத்தை இப்போதுள்ள வடிவில் கட்டத் தொடங்கியது 1220 அளவில்; முடித்தது 1472இல். இதன் நடுக்கோபுரம் 1407இல் ஒருமுறை சரிந்து, மறுபடி எழுப்பப்பட்டது. ஏறத்தாழ 16,000 டன் எடை கொண்ட அந்தக் கோபுரத்தை நான்கு பெரும் தூண்கள் தாங்குகின்றன.

1965இல் பேராலயத்தின் கட்டடக்கலைப் பொறுப்பை ஏற்ற பெர்னார்டு ஃபீல்டன் கட்டடம் முழுவதையும் அங்குலம் அங்குலமாகப் பரிசோதித்தார். சுவர்களில் புதிய விரிசல்கள் கண்ணில் பட்டன. கீழைச் சுவர் வெளிப்புறமாகச் சாய்ந்திருந்தது. கோபுரத்தின் பெரும் தூண்கள் நின்றது தமக்கென்று போட்ட அடித்தளத்தின்மேல் அல்ல. பதினோராம் நூற்றாண்டு நார்மன் பேராலயத்தின் அடித்தளத்தின்மேல், அதுவும் நடுவில் பாரம் விழாமல் ஓரத்தில் விழும்படி, அவை நின்றன. நார்மன்கள் அந்த அடித்தளத்துக்குள் ஓக் மர உத்தரங்களைக் கிடத்தியிருந்தார்கள். காலப்போக்கில் மரம் மக்கிப்போய், கல்லுக்கும் காரைக்கும் இடையில் வெற்றிடம் விட்டிருந்தது. உடனடியாக எதுவும் செய்யாவிட்டால் கோபுரம் நிலைக்காது என்பது ஃபீல்டனின் முடிவு. 1967இல் 20 லட்சம் பவுண்டு கேட்டு மக்களிடம் வேண்டுகோள் விடுக்கப்பட்டது.

பொறியாளர்களின் தீர்வு எளிமையாகச் சொல்லக்கூடியது, செய்வதற்குக் கடினமானது. தூண்களின் அடியைச் சுற்றி மண்ணை அகற்றி, பழைய அடித்தளத்தைக் கான்கிரீட்டால் நாற்புறமும் கட்டி, துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளை ஊடே செலுத்தி இறுக்க வேண்டும். பாரம் அதிகப் பரப்பில் பரவினால் மண் தாங்கும். ஆனால் அகற்ற வேண்டிய அந்த மண்தான் எபோராகத்தின் நடுப்பகுதி.

1967 முதல் 1972 வரை நடந்த இந்த வேலையில் பிரையன் ஹோப்-டெய்லர், டெரெக் பிலிப்ஸ் ஆகிய தொல்லியலாளர்கள் பொறியாளர்களுக்கு இடையே புகுந்து பதிவு செய்தார்கள். அவர்கள் விரும்பிய இடத்தில் ஒரு குழிகூடப் போட முடியவில்லை. கான்கிரீட் எங்கே வர வேண்டுமோ அங்கே மட்டும், அது வருவதற்குள், முட்டுக் கொடுத்த ஒடுங்கிய பள்ளங்களில் இறங்கி வரைய வேண்டும், படமெடுக்க வேண்டும், பொருள்களை எடுக்க வேண்டும். தலைக்கு மேலே விரிசல் விட்ட கோபுரம்.

கிடைத்தவை குறைவில்லை. ரோமானியக் கோட்டையின் தலைமையகத்தில் இருந்த பெருமண்டபத்தின் சுவர்களும் தூண்களும் வெளிப்பட்டன. வண்ணம் தீட்டிய சுவர்ப்பூச்சு துண்டு துண்டாக உதிர்ந்து கிடந்தது. பின்னர் அதைப் பொறுமையாகப் பொருத்தி நிறுத்தினார்கள். மண்டபத்தின் தூண் ஒன்று விழுந்தபடியே 1969இல் கிடைத்தது. 1971இல், கோட்டை அமைந்து 1,900 ஆண்டுகள் ஆனதை ஒட்டி, பேராலயத்தின் தெற்கு வாயிலுக்கு எதிரே அதை நிமிர்த்தி வைத்தார்கள். ரோமானியர் கட்டிய வடிகால் ஒன்றில் இன்னும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

தேடியது மட்டும் கிடைக்கவில்லை. நார்தம்பிரிய அரசர் எட்வின் 627இல் ஞானஸ்நானம் பெறுவதற்காக யார்க்கில் ஒரு மரக் கோவில் கட்டப்பட்டது என்றும், பிறகு அதைச் சுற்றிக் கற்கோவில் எழுப்பப்பட்டது என்றும் வரலாற்றாசிரியர் பீட் எழுதியிருக்கிறார். பேராலயத்தின் அடியில்தான் அது இருக்கும் என்று பலரும் நம்பியிருந்தார்கள். அங்கே நார்மன் காலத்துக்கு முந்திய இடுகாடு ஒன்று இருந்தது, செதுக்கிய கல்லறைக் கற்கள் இருந்தன, கோவில் இல்லை. ஆனால் அந்தக் கல்லறைகள் இன்றைய பேராலயத்தைப் போலக் கிழக்கு மேற்காக அமையாமல், ரோமானியக் கட்டடங்களின் திசையை ஒட்டிச் சாய்வாக அமைந்திருந்தன. நார்மன்கள் வந்து புதிய திசையில் கோடு போடும் வரை, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக, ரோமானியரின் கோடுகள்தான் அந்த இடத்தை ஆண்டன என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. கோவில் அருகிலேயே, அதே சாய்வில், எங்கோ இருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து. ரோமானியப் பெருமண்டபம் எந்த நூற்றாண்டு வரை கூரையோடு நின்றது என்பதில் அறிஞர்கள் இன்றும் உடன்படுவதில்லை. ஒடுங்கிய பள்ளங்களில், அவசரமாக, துண்டு துண்டாகப் பார்த்ததன் விலை அது.

காப்பர்கேட்

பேராலயத்தின் மண்ணைத் திறந்தது ஆபத்து. காப்பர்கேட்டின் மண்ணைத் திறந்தது வணிகம். அந்தத் தெருவில் இருந்த பழைய மிட்டாய்த் தொழிற்சாலையை இடித்துவிட்டு, அதையும் சுற்றியுள்ள நிலத்தையும் சேர்த்துக் கடைவளாகம் கட்டத் திட்டமிட்டார்கள். 1972இல் பீட்டர் ஆடிமன் தலைமையில் தொடங்கப்பட்டிருந்த யார்க் தொல்லியல் அறக்கட்டளை அங்கே தோண்ட இடம் கேட்டது. 1976 முதல் 1981 வரை ரிச்சர்டு ஹால் நடத்திய அகழாய்வில் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் பரப்பு திறக்கப்பட்டது. நகரத்துக்குள் இவ்வளவு பெரிய பரப்பை, இத்தனை ஆண்டுகள் தொடர்ந்து ஆராய வாய்ப்பது அரிது. பேராலயத்தில் கிடைக்காத இரண்டும், அதாவது அகலமும் காலமும், இங்கே கிடைத்தன.

மண்ணின் இயல்பும் துணைநின்றது. இரு ஆறுகளுக்கு நடுவிலுள்ள அந்த நிலம் எப்போதும் ஈரம் ஊறியது. நீர் நிறைந்த மண்ணுக்குள் காற்று புகாது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் மரத்தையும் தோலையும் துணியையும் அரிக்கும் நுண்ணுயிர்கள் வாழ முடியாது. எனவே மற்ற ஊர்களில் மண்ணோடு மண்ணாகப் போய்விடுபவை இங்கே அப்படியே இருந்தன. பத்தாம் நூற்றாண்டின் மரச்சுவர்கள் சில இடங்களில் ஏறத்தாழ ஆளுயரத்துக்கு நின்றன. வெட்டிய மரங்களின் வளையங்களை எண்ணி, கட்டடங்களின் வயதை ஒரு சில ஆண்டு வேறுபாட்டுக்குள் சொல்ல முடிந்தது.

தெருவை நோக்கி ஒடுங்கிய முகப்பும் பின்னால் நீண்ட கொல்லையும் கொண்ட நான்கு மனைகள் வரிசையாக இருந்தன. பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவற்றைப் பிரித்தவை முளையடித்துப் பின்னிய படல் வேலிகள். அந்த எல்லைகளில் பெரும்பாலானவை அதே கோட்டில் இருபதாம் நூற்றாண்டு வரை மனை எல்லைகளாகத் தொடர்ந்தன. வீடுகள் எரிந்தன, இடிந்தன, ஆட்சிகள் மாறின, பட்டா எல்லை மாறவில்லை. பொன்னும் வெள்ளியும் கிடைப்பதைவிட இதுதான் எனக்கு வியப்பளிப்பது.

காப்பர்கேட் என்பதில் செம்பு ஏதும் இல்லை. கிண்ணம் கடைபவர்களின் தெரு என்பதே அப்பெயரின் பொருள். பெயர் வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்: கடைந்த மரக்கிண்ணங்களும், கடையும்போது நடுவில் மிஞ்சும் மரக்குமிழ்களும் கொல்லை மண்ணிலிருந்து ஏராளமாக வந்தன. கொல்லர்கள், தோல் வேலை செய்பவர்கள், கொம்பில் சீப்பு அறுப்பவர்கள், அம்பர் மணி கோப்பவர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். காசு அடிக்கும் அச்சு கிடைத்தது. ஒற்றை ஊசியால் பின்னிய கம்பளிக் காலுறை ஒன்று கிடைத்தது. பட்டுத் துணியில் தைத்த தலைத்தொப்பி ஒன்றும் வந்தது. அந்தப் பட்டு கிழக்கிலிருந்து பல கைகள் மாறி வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

அருங்காட்சியகப் பெட்டியில் வைக்க முடியாதவையும் அதே அளவு பேசின. மலக்குழி மண்ணைச் சலித்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஏறக்குறைய எல்லார் வயிற்றிலும் குடற்புழு இருந்தது தெரிந்தது. வண்டுகளின் ஓடுகளைக் கொண்டு எந்தத் தரை ஈரமாகவும் அழுகலாகவும் இருந்தது, எது காய்ந்திருந்தது என்று பிரித்தறிய முடிந்தது. இத்துறையில் யார்க்கின் புகழ்பெற்ற கண்டெடுப்பு, 1972இல் பக்கத்துத் தெருவில் ஒரு வங்கிக் கட்டடம் எழவிருந்த இடத்தில் கிடைத்த, வைக்கிங் கால மனிதர் ஒருவரின் கல்லாகிப்போன மலம். நீளம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். சிரிக்கலாம், ஆனால் அவர் ரொட்டியும் இறைச்சியும் உண்டார், குடற்புழுவோடு வாழ்ந்தார் என்பதை வேறு எந்தப் பொருளும் இவ்வளவு நேராகச் சொல்லாது.

அகழாய்வு முடிந்தபின், 1984இல், அதே இடத்தில், கடைவளாகத்தின் நிலவறையில் யோர்விக் வைக்கிங் மையம் திறக்கப்பட்டது. பாலி எத்திலீன் கிளைக்கால் ஊறவைத்துப் பதப்படுத்திய பழைய மரங்களை அங்கே காணலாம். 2015 டிசம்பரில் ஃபாஸ் ஆற்று வெள்ளம் அதற்குள் புகுந்தது. பதினாறு மாதங்களுக்குப் பிறகே மீண்டும் திறக்க முடிந்தது.

பொக்லைனின் வாயில்

1982 மே மாதம், அகழாய்வுப் பணி முடிந்து கட்டுமான வேலை நடந்துகொண்டிருந்தது. ஆய்வாளர்கள் தோண்டிய பரப்புக்கு வெளியே மண் அள்ளிக்கொண்டிருந்த எந்திரத்தின் வாளி, கடினமான ஏதோ ஒன்றில் இடித்தது. ஓட்டுநர் கல் என்று நினைத்து ஒதுக்கியிருக்கலாம். அவர் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தார். மரம் அடைத்த ஒரு குழிக்குள் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த இரும்புத் தலைக்கவசம் இருந்தது. பித்தளை வேலைப்பாடும், ஓஷெரி என்பவரின் பெயர் வரும் லத்தீன் வேண்டுதல் வாசகமும் கொண்டது. ஆங்கிலோ-சாக்சன் காலத் தலைக்கவசங்களில் இந்த அளவு முழுமையாகக் கிடைத்தவை மிகச் சில. எந்திரம் ஏற்படுத்திய சேதத்தைச் சீர்செய்து, இப்போது யார்க்ஷயர் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஐந்தாண்டு கரண்டியால் சுரண்டியவர்களுக்குக் கிடைக்காதது ஐந்து நிமிடத்தில் எந்திரத்துக்குக் கிடைத்தது என்று இந்தக் கதையைச் சுவையாகச் சொல்வார்கள். எண்ணிப் பார்த்தால் அது அச்சம் தரும் கதை. அந்த ஓட்டுநர் இறங்கிப் பார்க்காத நாள்களில் என்னென்ன லாரியில் ஏறிப் போயிற்று என்பதற்கு யாரிடமும் கணக்கு இல்லை. அதனால்தான் கட்டுமானக் குழிகளின் ஓரத்தில் ஒரு தொல்லியலாளர் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற நடைமுறை வந்தது. மழையில் நாள் முழுதும் நின்று, ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டுப் போவதுதான் அந்த வேலையில் பெரும்பகுதி.

சட்டமும் காலக்கெடுவும்

பழஞ்சின்னங்கள், தொல்லியல் பகுதிகள் பற்றிய 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி யார்க், கேன்டர்பரி, செஸ்டர், எக்சிடர், ஹெர்ஃபோர்டு ஆகிய ஐந்து நகரங்களின் மையப்பகுதிகள் சிறப்புத் தொல்லியல் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. அங்கே மண்ணைத் தோண்டுவதற்கு 6 வாரம் முன்னதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஆய்வாளர்கள் கேட்டால், ஏறத்தாழ நாலரை மாதம் வரை அவர்களுக்கு இடம் விட வேண்டும். காலம் கொடுத்த சட்டம் பணம் கொடுக்கவில்லை. காலம் முடிந்த பிறகு மண்ணில் எது மிஞ்சியிருந்தாலும் கட்டுநர் தம் வேலையைத் தொடரலாம்.

இதன் போதாமை 1989இல் வெளிப்பட்டது. ஊஸ் ஆற்றின் மறுகரையில், மிக்கிள்கேட் தெருவில் குயின்ஸ் ஓட்டல் இருந்த இடத்தில், மிகக் கனமான சுவர்களைக் கொண்ட ரோமானியப் பெருங்கட்டடம் ஒன்று தலைகாட்டியது. அங்கே அலுவலகக் கட்டடம் வரவிருந்தது. நகர மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், நாளிதழ்கள் எழுதின. அதே ஆண்டில் லண்டனில், ஷேக்ஸ்பியர் காலத்து ரோஸ் நாடக அரங்கின் எச்சங்கள் இன்னொரு அலுவலகக் கட்டடத்தின் மனையில் வெளிப்பட்டு, நடிகர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். இரண்டும் சேர்ந்து அரசை அசைத்தன. 1990 நவம்பரில் வந்த அரசின் திட்டமிடல் வழிகாட்டி, முக்கியமான எச்சங்களை இருந்த இடத்திலேயே விட்டுக் காப்பதை முதல் விருப்பமாக்கியது. அகழத்தான் வேண்டும் என்றால் செலவு கட்டுநருடையது.

ஐந்து விழுக்காடு

யார்க் நகரத்துக்கென்று தனியாக ஓர் ஆய்வு, ஓவ் அரூப் பொறியியல் நிறுவனமும் யார்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்தது, 1991இல் வெளிவந்தது. பழைய அகழாய்வுகளிலும் துளைகளிலும் கிடைத்த தகவல்களைத் தொகுத்து, மண்ணுக்கடியில் எங்கே எவ்வளவு ஆழத்தில் எந்தக் காலத்து அடுக்கு இருக்கும் என்று ஒரு மாதிரியை அது உருவாக்கியது. புதிய கட்டடம் எழுப்புபவர் ‘பைல்’ எனப்படும் கான்கிரீட் தூண்களைத் தள்ளித் தள்ளி இறக்கி, மனைக்கடியிலுள்ள தொல்லியல் மண்ணில் 5 விழுக்காட்டுக்கு மேல் சேதப்படுத்தாமல் இருந்தால் போதும். மீதி 95 விழுக்காடு தொடாமல் இருக்கும் என்பது அதன் பரிந்துரை. நகரமன்றம் அதை ஏற்றது. வேறு நகரங்களும் பின்பற்றின.

கட்டுநருக்கு இது வசதி: அகழாய்வுச் செலவும் தாமதமும் இல்லை. நகரமன்றத்துக்கும் வசதி. தொல்லியலாளர்களில் ஒரு பிரிவினர் மனநிறைவு கொள்ளவில்லை. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பைல் இறங்கும்போது தன் தடிமனுக்குள் இருப்பதை மட்டும் அழிப்பதில்லை. பக்கத்து அடுக்குகளையும் கீழ்நோக்கி இழுக்கிறது. மேலும், ஒரு வீட்டின் தரையில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் துளைகள் விழுந்தபின், எந்தக் குழி எதை வெட்டியது என்ற உறவைப் பின்னாளில் வருபவர் படிக்க முடியுமா? எழுத்துகளில் 5 விழுக்காட்டை மட்டும் அழித்த ஓலைச்சுவடியை எண்ணிக்கொள்ளலாம். அழிந்தவை எந்த எழுத்துகள் என்பதைப் பொறுத்தது அது. 2007இல் இங்கிலாந்தின் மரபுச்சின்ன அமைப்பு பைல் பற்றித் தனி வழிகாட்டியே வெளியிட வேண்டியதாயிற்று.

இதைவிடப் பெரிய சிக்கல் தண்ணீர். காப்பர்கேட்டின் மரமும் தோலும் நீரால் பிழைத்தவை. மேலே கட்டடம் வந்ததும் மழைநீர் மண்ணுக்குள் இறங்காமல் வடிகாலுக்குப் போகிறது. பக்கத்து மனையில் நிலவறைக்காக நீர் இறைத்தால் இங்கே நீர்மட்டம் இறங்கும். நீர் இறங்கினால் காற்று புகும். காற்று புகுந்தால் ஆயிரம் ஆண்டு தாங்கிய மரம் சில பத்தாண்டுகளில் மக்கிவிடும். யார்க் பல்கலைக்கழகத்தின் பூச்சி எச்ச வல்லுநர் ஹாரி கென்வர்டும் தாவர எச்ச வல்லுநர் ஆலன் ஹாலும், ஆழம் குறைந்த நகர அடுக்குகளில் வண்டு ஓடுகளும் விதைகளும் அண்மைக் காலத்தில் சிதைந்துவருவதைக் கண்டு 2000ஆம் ஆண்டில் எச்சரித்தார்கள். யாரும் தொடாத மண்ணில், யாரும் பார்க்காதபோது நடக்கும் அழிவு அது. அகழாய்வில் அழியும் மண்ணுக்காவது பதிவு மிஞ்சும்.

1990களில் பார்லிமென்ட் தெருவில் ஒரு கடையை விரிவாக்கியபோது, அதன் அடியில் விடப்பட்ட அடுக்குகளுக்குள் நீர்மட்டத்தையும் மண்ணின் நிலையையும் அளக்கும் கருவிகளைப் பதித்துச் சில ஆண்டுகள் கண்காணித்தார்கள். பாதுகாத்தோம் என்று சொன்னதைச் சரிபார்க்க எடுத்த தொடக்க முயற்சிகளில் அது ஒன்று. இத்தகைய கண்காணிப்பு எல்லா மனைகளிலும் இல்லை. கருவிக்கும் அளப்பவருக்கும் செலவு உண்டு. கட்டடம் முடிந்து கைமாறியபின் அதை யார் ஏற்பது என்பதில் தகராறு வரும்.

ஃபாஸ் ஆற்றங்கரையிலுள்ள ஹங்கேட் பகுதியில் 2006 முதல் சில ஆண்டுகள் பெரும் பரப்பில் தோண்ட வாய்ப்புக் கிடைத்தது. அங்கே புதிய குடியிருப்புகளின் வடிவமைப்பே மண்ணை ஆழமாக அகற்றக் கோரியதால் முழு அகழாய்வைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. மதிலுக்குள் உள்ள பெரும்பாலான மனைகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அங்கே பைல் இறங்கியிருக்கிறது, அல்லது இறங்கவிருக்கிறது. இக்கால அலுவலகக் கட்டடத்தின் ஆயுள் 40, 50 ஆண்டுகள். 1990களில் எழுந்தவை அடுத்தடுத்து இடிக்கப்படும்போது, பழைய பைல்கள் மண்ணிலேயே நிற்க, புதிய கட்டடத்தின் தூண்கள் வேறு இடங்களில் இறங்கும். அப்போது அனுமதிக்கப்படும் 5 விழுக்காட்டை, முதலில் இருந்த மண்ணிலிருந்து கணக்கிடுவதா, மிஞ்சிய 95இலிருந்து கணக்கிடுவதா என்பதை நகரமன்றம் ஒவ்வொரு மனைக்கும் முடிவு செய்தாக வேண்டும்.